புரோகிராமிங் கம்பிகளைப் பிற கருவிகளோடு பகிர்வது எப்படி: மைக்ரோகண்ட்ரோலர் போர்டு அமைப்போருக்கான முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், புதுச்சேரிப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் தங்கள் புராஜெக்ட் போர்டுகளைத் தூக்கிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் உள்ள என் பட்டறைக்கு வருவதுண்டு. அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "அண்ணா, நேத்து வரைக்கும் புரோகிராம் ஏறிச்சு, இன்னிக்கு ஏற மாட்டேங்குது." நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது என்று கேட்டால், ஒரு எஸ்டி கார்டு மாட்யூலோ, ஒரு டிஸ்ப்ளேயோ, ஒரு ரிலே வரிசையோ புதிதாகச் சேர்ந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டால் புரோகிராம் ஏறிவிடும்; மாட்டினால் மறுபடியும் அதே பிழைச் செய்தி. பலர் அத்தோடு சிப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புதிய சிப்புக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். சிப் கெடவில்லை. ஒரே கம்பியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

சிப்பில் கால்கள் குறைவு, இணைக்க வேண்டிய கருவிகள் அதிகம் என்னும்போது, புரோகிராம் ஏற்றும் கால்களையே மற்ற வேலைகளுக்கும் பயன்படுத்துவது தவிர்க்க முடியாதது. அதில் தவறும் இல்லை. அதைச் சரியாகச் செய்வதற்கான ஒழுங்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பையும், கணினியிலிருந்து புரோகிராமைச் சிப்புக்குள் ஏற்றும் யூஎஸ்பிஏஎஸ்பி என்னும் புரோகிராமர் கருவியையும் வைத்துக்கொள்கிறேன். மாணவர்களின் கைகளில் அதிகம் புழங்குபவை இவையே. பிக், எஸ்டிஎம்32 ஆகிய வேறு சிப் குடும்பங்களுக்கு உரிய வேறுபாடுகள் பின்னால் வரும்.

புரோகிராம் ஏறும்போது கம்பிகளில் என்ன நடக்கிறது

ஏடிமெகா328பி-இல் புரோகிராமருக்கு மூன்று தகவல் கம்பிகளும் ஒரு ரீசெட் கம்பியும் தேவை. புரோகிராமரிடமிருந்து சிப்புக்குத் தகவல் போகும் மோசி 17ஆம் காலிலும், சிப்பின் பதில் வரும் மிசோ 18ஆம் காலிலும், எஸ்சிகே எனப்படும் துடிப்புக் கம்பி 19ஆம் காலிலும், சிப்பை நிறுத்தி மறுபடி தொடங்க வைக்கும் ரீசெட் 1ஆம் காலிலும் இருக்கின்றன. ஆர்டுயினோ ஊனோ போர்டில் முதல் மூன்றும் 11, 12, 13 என்று அச்சிடப்பட்ட முனைகள். இதே மூன்று கால்கள்தான் எஸ்பிஐ என்னும் தகவல் பரிமாற்ற முறையில் பேசும் கருவிகளுக்கும் உரியவை என்பதால், எஸ்டி கார்டு, ரேடியோ மாட்யூல், ஷிப்ட் ரிஜிஸ்டர் (பிட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பல கால்களில் வெளியிடும் சிப்) என எதை இணைத்தாலும் அது புரோகிராமரின் வழியிலேயே வந்து நிற்கிறது.

புரோகிராமர் முதலில் ரீசெட் கம்பியைத் தாழ்நிலைக்கு இழுக்கிறது. அந்தக் கணமே சிப்பின் எல்லாக் கால்களும் கைவிடப்பட்டு, எந்தப் பக்கமும் இழுக்காத மிதப்பு நிலைக்குப் போய்விடுகின்றன. பிறகு குறைந்தது 20 மில்லிசெகண்டு காத்திருந்து, புரோகிராமர் மோசி வழியாகக் கட்டளையை அனுப்புகிறது. சிப் மிசோ வழியாகப் பதில் சொல்கிறது. முதல் கட்டளையில் அனுப்பிய ஒரு பைட்டைச் சிப் திருப்பிச் சொன்னால்தான் புரோகிராமர் அடுத்த கட்டளைக்கே போகும். சிப் மிதப்பு நிலையில் இருப்பதால், அது ஆட்டிவைத்துக்கொண்டிருந்த மற்ற கருவிகளின் சிப்-செலக்ட் கம்பி (எந்தக் கருவி பேச வேண்டும் என்று சொல்வது), லாட்ச் கம்பி (வாங்கிய பிட்டுகளை வெளியே தள்ளச் சொல்வது), ரிலே கம்பி எல்லாம் அந்த நேரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்பதை மனத்தில் நன்றாக நிறுத்திக்கொள்ள வேண்டும். பகிர்வில் வரும் தொல்லைகளில் பாதி இந்த ஒரு காரணத்தால் வருபவை.

முதல் படி: கம்பி வாரியாகக் கணக்கெடுப்பு

ஒரு தாளில் மோசி, மிசோ, எஸ்சிகே, ரீசெட் என்று நான்கு பத்திகள் போட்டு, ஒவ்வொன்றிலும் என்னென்ன தொங்குகின்றன என்பதை எழுதுங்கள். எழுதும்போது, அந்தக் கருவி கம்பியைக் கேட்க மட்டும் செய்கிறதா, கம்பியை இழுக்கவும் செய்கிறதா, அல்லது வெறும் சுமையாகத் தொங்குகிறதா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் ரிஜிஸ்டரின் தகவல் கால் கேட்கும் வகை. எஸ்டி கார்டின் வெளியீடு இழுக்கும் வகை. எல்இடி, கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டரின் பேஸ் ஆகியவை சுமை. கேட்கும் வகையால் புரோகிராமருக்கு இடையூறு இல்லை. ஆனால் அந்தக் கருவி தனக்கு வராத செய்தியைக் கேட்டு ஏதாவது செய்துவிடக்கூடும். இழுக்கும் வகை புரோகிராமரோடு நேரடியாக மோதும். சுமை வகை புரோகிராமரின் குரலைத் தேயச் செய்யும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால்தான் இந்தக் கணக்கெடுப்பு.

இரண்டாம் படி: புரோகிராமருக்கு நேர்வழி, மற்றவர்களுக்கு மின்தடை வழி

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான். புரோகிராமரை மாட்டும் முனை வரிசையான புரோகிராமிங் ஹெடரிலிருந்து சிப்பின் கால் வரை கம்பி குறுக்கீடு எதுவும் இல்லாமல் நேராகப் போக வேண்டும். அந்தக் கம்பியிலிருந்து மற்றக் கருவிக்குப் பிரியும் கிளையில், பிரியும் இடத்திலேயே ஒரு மின்தடை நிற்க வேண்டும். மாணவர்கள் பலர் மின்தடையைப் போடுகிறார்கள். ஆனால் ஹெடருக்கும் சிப்புக்கும் நடுவே போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் பலவீனப்படுவது புரோகிராமர். வலுப்பெறுவது குறுக்கே நிற்கும் கருவி. நோக்கத்துக்கு நேர்மாறான விளைவு.

மின்தடையின் மதிப்பை ஊகத்தில் எடுக்கக் கூடாது. என் மேசையில் இருக்கும் புரோகிராமரின் உள்ளேயே ஒவ்வொரு கம்பியிலும் 270 ஓம் இருக்கிறது. 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி ஒரு கம்பியை உயர்நிலை என்று ஏற்க குறைந்தது 3 வோல்ட் வேண்டும். தாழ்நிலை என்று ஏற்க 1.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இப்போது புரோகிராமர் கம்பியை உயர்த்தப் பார்க்கிறது, மறுபுறம் ஒரு கருவி அதைத் தரையோடு பிடித்து இழுக்கிறது என்று கொள்வோம். கிளையில் 330 ஓம் போட்டிருந்தால் சிப்பின் காலில் நிற்பது 5 பெருக்கல் 330, வகுத்தல் 600, அதாவது 2.75 வோல்ட். இது 3 வோல்ட்டுக்குக் கீழே, புரோகிராமர் தோற்றது. 470 ஓம் போட்டால் ஏறத்தாழ 3.2 வோல்ட் வருகிறது. பிழைத்தது போலத் தெரியும். ஆனால் எதிர்த்திசையில் பாருங்கள்: புரோகிராமர் தாழ்த்தப் பார்க்கையில் கருவி 5 வோல்ட்டுக்கு இழுத்தால், காலில் 1.8 வோல்ட் நின்றுவிடுகிறது, அது 1.5-ஐத் தாண்டிவிட்டது. 1 கிலோ ஓம் போட்டால் மேலே 3.9 வோல்ட், கீழே 1.06 வோல்ட், இரு பக்கமும் போதிய இடைவெளி. பழுப்பு, கருப்பு, சிவப்பு வளையம் போட்ட 1 கிலோ ஓம் மின்தடையை நான் எப்போதும் பரிந்துரைப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். மோதல் நேர்ந்தாலும் ஓடும் மின்னோட்டம் 5 மில்லிஆம்பியரைத் தாண்டாது. பெரும்பாலான சிப்புகளின் கால்கள் அதைத் தாங்கும்.

அப்படியானால் 10 கிலோ ஓம் இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். புரோகிராமருக்கு நல்லது, கருவிக்குக் கேடு. கிளைக் கம்பியும் கருவியின் உள்ளீடும் சேர்ந்து 30 பிகோஃபாரட் கொள்ளளவு இருந்தால், 10 கிலோ ஓமோடு அது 300 நானோசெகண்டு தாமதத்தை உண்டாக்கும். எஸ்பிஐ வேகம் 4 மெகாஹெர்ட்ஸ் என்றால் அரைத் துடிப்பே 125 நானோசெகண்டுதான். கருவிக்குச் செய்தி போய்ச்சேராது. 1 கிலோ ஓமில் தாமதம் 30 நானோசெகண்டாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் மாட்யூலை நீளமான ஜம்பர் கம்பிகளால் இணைத்திருந்தால் கொள்ளளவு கூடிவிடும். அப்போது எஸ்பிஐ வேகத்தை 2 மெகாஹெர்ட்ஸுக்கோ அதற்கும் கீழோ குறைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்க முடியாத வேலை என்றால், மின்தடைக்குப் பதிலாக 74எச்சி125 போன்ற மூன்றுநிலை பஃபரை (உயர்நிலை, தாழ்நிலை தவிரத் துண்டிப்பு நிலையும் உள்ள இடைச் சிப்பை) கிளையில் வைத்து, ரீசெட் தாழும்போது அது துண்டித்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் சந்தேகம் முழுதாக நீங்கும்.

மூன்றாம் படி: மிசோவைத் தனியாகக் கவனித்தல்

மற்ற இரண்டு கம்பிகளில் புரோகிராமர் பேசுகிறது. மிசோவில் சிப் பேசுகிறது. எஸ்பிஐ கருவிகளும் இதே கம்பியில்தான் பேசும். ஒழுங்கான எஸ்பிஐ கருவி, தன் சிப்-செலக்ட் கால் உயர்நிலையில் இருக்கும்வரை மிசோவை விட்டுவிடும். ஆனால் புரோகிராம் ஏறும்போது நம் சிப்பின் கால்கள் மிதப்பதால், சிப்-செலக்ட் கம்பியும் மிதக்கிறது. மிதக்கும் கம்பி எப்போது தாழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எஸ்பிஐ கருவி ஒவ்வொன்றின் சிப்-செலக்ட் கம்பியிலும், அந்தக் கருவிக்கு உரிய மின்னழுத்தத்தோடு சேரும்படி ஒரு 10 கிலோ ஓம் மின்தடை கட்டாயம் இருக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து வரும் பத்து போர்டுகளில் இதை ஒன்றிரண்டில்தான் பார்க்கிறேன்.

இதைச் செய்த பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. சந்தையில் கிடைக்கும் மலிவான மைக்ரோஎஸ்டி மாட்யூல்கள் பலவற்றில், மிசோ கம்பிக்கு நடுவே 74எல்விசி125 பஃபர் ஒன்று இருக்கிறது. அதன் வெளியீட்டைத் திறந்து மூடும் அனுமதிக் காலை நேராகத் தரையோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள். சிப்-செலக்ட் உயர்ந்திருந்தாலும் அந்த பஃபர் மிசோவை விடுவதே இல்லை.

சென்ற புராஜெக்ட் காலத்தில் முத்தியால்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாணவர் கொண்டுவந்த போர்டில் இதைக் கண்ணாரக் காட்டினேன். ஆஸிலோஸ்கோப்பின் முனையை 18ஆம் காலில் வைத்துவிட்டு, புரோகிராமரைச் சிப்பின் அடையாள எண்ணைப் படிக்கச் சொன்னோம். திரையில் 0-க்கும் 5-க்கும் இடையே எழுந்து விழ வேண்டிய சதுரத் துடிப்புகளின் அடி, தரையில் பதியாமல் நடுவானில் தொங்கிற்று. சில துடிப்புகள் ஒன்றரை வோல்ட்டுக்கும் மேலேயே மடிந்து திரும்பின. சிப் கீழே இழுக்கிறது, பஃபர் மேலே இழுக்கிறது. இருவருக்கும் நடுவே கம்பி அல்லாடுகிறது. மாட்யூலின் மிசோ கம்பியை வெட்டி, வெட்டிய இடத்தில் 1 கிலோ ஓமைப் பற்றவைத்தோம். அடுத்த முயற்சியில் துடிப்புகள் தரையைத் தொட்டன. அடையாள எண்ணும் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. அந்த மாணவர் மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று சொன்னபோது, இதை யாராவது தமிழில் எழுதிவைத்திருக்கலாமே என்று எனக்கு மனம் வருந்தியது. இந்தக் கட்டுரை அப்படிப் பிறந்ததுதான். ஒரே எஸ்பிஐ கம்பித் தொகுப்பில் எஸ்டி கார்டோடு வேறு எஸ்பிஐ கருவியும் இருந்தால் மின்தடை மட்டும் போதாது. பஃபரின் அனுமதிக் காலைத் தரையிலிருந்து பிரித்து, சிப்-செலக்ட் கம்பியோடு சேர்ப்பதே முழுத் தீர்வு.

நான்காம் படி: அசையும் பொருள்கள், சுமைகள்

எஸ்சிகே கம்பியில் 330 ஓமோடு நேராக ஒரு எல்இடி வைத்தால், சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 9 மில்லிஆம்பியர் போகிறது. அதைப் புரோகிராமரே சுமக்க வேண்டும்; அதன் உள்ளே 270 ஓம் இருந்தால் உயர்நிலை சரிந்துவிடும். ஊனோவின் பிற்காலப் போர்டுகளில் 13ஆம் முனையின் எல்இடியை நேராக இணைக்காமல் ஆப்-ஆம்ப் ஒன்றின் வழியாக ஓட்டியிருப்பது இதனால்தான். நம் போர்டில் ஒரு டிரான்சிஸ்டரும் 10 கிலோ ஓம் பேஸ் மின்தடையும் போதும். அல்லது எல்இடியின் மின்தடையை 2.2 கிலோ ஓமாக உயர்த்தினாலும் போதும். இந்தக் கம்பிகளில் கெப்பாசிட்டர் எதையும் தொங்கவிடாதீர்கள்.

சுமையால் புரோகிராம் ஏறாமல் போவது ஒரு தொல்லை. புரோகிராம் ஏறும்போது வெளியே ஏதாவது அசைவது அதைவிடப் பெரிய ஆபத்து. இதை நான் நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் கற்றேன். சொட்டுநீர் வால்வுகளையும் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டரையும் இயக்க, 74எச்சி595 ஷிப்ட் ரிஜிஸ்டரும் யூஎல்என்2803 டிரைவரும் வைத்து ஒரு கன்ட்ரோலர் செய்து கொடுத்திருந்தேன். ரிஜிஸ்டரின் தகவலும் துடிப்பும் மோசி, எஸ்சிகே கம்பிகளில் இருந்தன. லாட்ச் கம்பி சிப்பின் 16ஆம் காலில் இருந்தது. நேரக் கணக்கில் ஒரு திருத்தம் செய்ய லேப்டாப்பை வரப்பில் வைத்துப் புரோகிராம் ஏற்றத் தொடங்கினேன். மறுகணம் ரிலேக்கள் டக டகவென்று அடிக்கத் தொடங்கின. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கன்டாக்டர் இழுப்பதும் விடுவதுமாக இருந்தது. பெட்டியைத் திறந்து பக்கத்தில் நின்றிருந்த விவசாயி, "தம்பி, மோட்டாரு தானா ஓடுதுப்பா!" என்று கத்தியபடி பின்னால் குதித்தார். அவர் கை பெட்டிக்குள் இல்லாதது எங்கள் நல்லூழ்.

காரணம் எளியது. புரோகிராமர் அனுப்பிய ஒவ்வொரு பிட்டும் ரிஜிஸ்டருக்குள்ளும் நகர்ந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க 595-இல் சிப்-செலக்ட் கிடையாது. மிதந்துகொண்டிருந்த லாட்ச் கம்பி பக்கத்துக் கம்பியின் துடிப்பை வாங்கிக்கொண்டு, நகர்ந்ததை எல்லாம் வெளியே தள்ளியது. திருத்தம் இரண்டு மின்தடைகளில் முடிந்தது: லாட்ச் கம்பிக்குத் தரையோடு 10 கிலோ ஓம், வெளியீட்டு அனுமதிக் காலுக்கு 5 வோல்ட்டோடு 10 கிலோ ஓம். அனுமதிக் கால் தாழ்ந்தால்தான் 595 வெளியே பேசும் என்பதால், சிப் ரீசெட்டில் இருக்கும்வரை வெளியீடுகள் துண்டிக்கப்பட்டே இருக்கும். யூஎல்என்2803-இன் உள்ளீடு எதுவும் இல்லாமல் இருந்தால் ரிலேயும் விட்டுவிடும். புரோகிராமில் முதலில் எல்லா வெளியீட்டையும் சைபராக்கி லாட்ச் செய்துவிட்டு, அதன் பிறகே அனுமதிக் காலைத் தாழ்த்த வேண்டும். வரிசை மாறினால் போர்டு விழிக்கும் கணத்தில் ஒரு முறை எல்லாம் துள்ளும்.

ரிலே, மோட்டார், ஹீட்டர் போன்றவற்றை மோசி, மிசோ, எஸ்சிகே கால்களில் நேராக ஒருபோதும் இணைக்காதீர்கள். வேறு கால் இல்லையென்றால் கால் அதிகமுள்ள சிப்பை வாங்குங்கள். களத்தில் புரோகிராம் ஏற்றுவதற்கு முன் ஸ்டார்ட்டருக்கு வரும் மும்முனை மின்சாரத்தை அணைத்துவிடுவதை நான் அன்று முதல் தவறியதில்லை.

ஐந்தாம் படி: ரீசெட் கம்பி

ரீசெட் கம்பியில், அதை உயர்நிலைக்கு இழுத்துவைக்கும் 10 கிலோ ஓம் மேல்நோக்கு மின்தடை போதும். இரைச்சலுக்காக 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தாலும் ஒரு மில்லிசெகண்டு தாமதமே வரும். புரோகிராமருக்கு அது பொருட்டல்ல. சிலர் மின்சாரம் வந்து நிலைபெறட்டும் என்று 10 மைக்ரோஃபாரட் வைக்கிறார்கள். அப்போது கம்பி எழ 100 மில்லிசெகண்டு பிடிப்பதால், புரோகிராமர் தரும் குறுகிய ரீசெட் துடிப்பு சிப்பை எட்டாமல் போகக்கூடும். மின்னழுத்தக் கண்காணிப்புச் சிப் வைப்பதாயிருந்தால், தாழ்நிலைக்கு மட்டும் இழுக்கும் ஓப்பன்-டிரெய்ன் வகையையே வாங்குங்கள். உயர்நிலைக்கும் இழுக்கும் வகையை ஏற்கனவே பற்றவைத்துவிட்டிருந்தால், அதன் வெளியீட்டில் 1 கிலோ ஓம் சேருங்கள்.

ஆறாம் படி: 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்

எஸ்டி கார்டும் பெரும்பாலான ரேடியோ மாட்யூல்களும் 3.3 வோல்ட் கருவிகள். போர்டு முழுதும் 3.3 வோல்ட்டில் ஓடினாலும், 5 வோல்ட் புரோகிராமரை மாட்டினால் அந்தக் கருவிகளின் கால்களில் 5 வோல்ட் ஏறும். மலிவான யூஎஸ்பிஏஎஸ்பி பலவற்றில் 3.3 வோல்ட் ஜம்பர் ஒன்று இருக்கிறது; அது போர்டுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுமே மாற்றும், தகவல் கம்பிகள் 5 வோல்ட்டிலேயே துடிக்கும். வாங்கியவுடன் மல்டிமீட்டரை வைத்துச் சோதித்துவிடுங்கள். கிளையில் 1 கிலோ ஓம் இருந்தால், கருவியின் பாதுகாப்பு டையோடு வழியே போவது 1 மில்லிஆம்பியரைச் சற்றே தாண்டும். சேதம் பெரும்பாலும் தவிரும். ஆனால் அதை நிரந்தர ஏற்பாடாக நம்ப வேண்டாம்; போர்டின் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் புரோகிராமர் அல்லது நடுவே மின்னழுத்தத்தை மாற்றித்தரும் ஒரு லெவல் ஷிப்டர் என்பதே சரியான வழி. எஸ்டி கார்டைக் கழற்ற முடியுமென்றால், கழற்றிவிட்டு ஏற்றுவதைவிட எளிய வழி எதுவும் இல்லை.

போர்டின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, புரோகிராமரை மட்டும் இணைத்தே விட்டுவிடும் பழக்கமும் கூடாது. தகவல் கம்பிகள் வழியாகவும் பாதுகாப்பு டையோடுகள் வழியாகவும் மின்சாரம் உள்ளே கசிந்து, எல்லாக் கருவிகளும் அரைகுறையாக விழித்துக்கொள்ளும். அந்த நிலையில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

மின்தடை கைகொடுக்காத ஓர் இடம்

ஊனோவில் 0, 1 என்ற முனைகளில் எச்சி-05 புளூடூத் மாட்யூலை மாட்டிவிட்டு, யூஎஸ்பி வழியாகப் புரோகிராம் ஏற்ற முயல்வது மிகப் பரவலான தவறு. ஊனோ போர்டிலேயே யூஎஸ்பி சிப்புக்கும் ஏடிமெகாவுக்கும் இடையே 1 கிலோ ஓம் மின்தடைகள் இருக்கின்றன. அதாவது வெளியே மாட்டும் கருவி வெல்லட்டும் என்றே அந்தப் போர்டை அமைத்திருக்கிறார்கள். எச்சி-05 சும்மா இருக்கும்போதும் தன் கம்பியை உயர்நிலையில் இறுகப் பிடித்துக்கொள்வதால், யூஎஸ்பி சிப் அனுப்பும் தாழ்நிலை ஏடிமெகாவுக்குப் போய்ச்சேராது. "நாட் இன் சிங்க்" என்ற செய்திதான் வரும். சரி, எச்சி-05-இன் கம்பியில் 4.7 கிலோ ஓம் போடலாமே என்றால், புரோகிராம் ஏறிவிடும். ஆனால் பிறகு புளூடூத் வேலை செய்யாது. ஏனெனில் இங்கே யூஎஸ்பி சிப்பும் ரீசெட்டுக்குப் போகாமல், எந்நேரமும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஸ்பிஐ கம்பிகளில் புரோகிராமரைக் கழற்றிவிட்டால் போட்டியாளர் ஒருவர் குறைந்துவிடுவார், இங்கே குறையமாட்டார். ஆகவே மாட்யூலின் கம்பியில் ஒரு ஜம்பர் வைத்து, ஏற்றும்போது கழற்றிவிடுங்கள்; அல்லது மாட்யூலை வேறு இரு முனைகளுக்கு மாற்றி மென்பொருள் சீரியல் மூலம் பேசுங்கள்.

ஏடிடைனி85-இல் கம்பிகளைப் பகிர்தல்

எட்டே கால்கள் உள்ள ஏடிடைனி85-இல் பகிர்வு கட்டாயம். 5ஆம் கால் மோசியும், ஐ2சி என்னும் இரு கம்பிப் பரிமாற்ற முறையின் தகவலும் ஆகும். 7ஆம் கால் எஸ்சிகேயும் ஐ2சி துடிப்பும் ஆகும். இங்கே 4.7 கிலோ ஓம் மேல்நோக்கு மின்தடைகளால் புரோகிராமருக்குச் சிரமம் இல்லை. ஆனால் ஐ2சி கருவி தனக்கு அழைப்பு வந்ததாக எண்ணிக் கம்பியைத் தாழ்த்தினால் மோதல் வரும். கிளையில் 1 கிலோ ஓம் போட்டால், தாழ்நிலை 0.9 வோல்ட் அளவில் நிற்கும், அது ஏற்கத்தக்கது. மேல்நோக்கு மின்தடை 2.2 கிலோ ஓமாக இருந்தால் அதே தாழ்நிலை 1.5 வோல்ட்டைத் தாண்டிவிடும். எனவே இந்தச் சிப்பில் 4.7 கிலோ ஓமை விட்டுக் குறைக்காதீர்கள். ரீசெட் காலைச் சாதாரணக் காலாக மாற்றும் ஃபியூஸை (சிப்பின் அடிப்படை அமைப்பைத் தீர்மானிக்கும் பிட்டை) தொடவும் வேண்டாம். தொட்டால் 12 வோல்ட் கொடுக்கும் தனிப் புரோகிராமர் இல்லாமல் சிப்பை மீட்க முடியாது.

பிக் சிப்புகளில் மாறுபவை

பிக்16எஃப்877ஏ-இல் துடிப்பு 39ஆம் காலிலும், தகவல் 40ஆம் காலிலும் போகின்றன. ரீசெட்டுக்கு உரிய 1ஆம் காலில் புரோகிராமர் ஏறத்தாழ 13 வோல்ட் ஏற்றுகிறது. அந்தக் கம்பியோடு வேறு எந்தக் கருவியின் ரீசெட்டையும் நேராகச் சேர்த்திருந்தால் அது அங்கேயே எரிந்துவிடும். மேல்நோக்கு மின்தடைக்குத் தொடராக ஒரு டையோடு வைத்து, 13 வோல்ட் போர்டின் 5 வோல்ட் வழிக்குள் திரும்பாமல் காக்க வேண்டும். பிக்கிட்3 போன்ற புரோகிராமர்களின் உள்ளேயே தகவல், துடிப்புக் கம்பிகளில் 4.7 கிலோ ஓம் கீழ்நோக்கு மின்தடைகள் இருப்பதால், நம் போர்டில் அந்தக் கம்பிகளுக்கு மேல்நோக்கு மின்தடை வைத்தால் இரண்டும் சேர்ந்து கம்பியை நடுவில் நிறுத்திவிடும். டிஸ்ப்ளேயின் தகவல் கம்பிகளை இந்தக் கால்களில் இணைப்பவர்கள், அதன் அனுமதிக் கம்பியைத் தரையோடு 10 கிலோ ஓமால் கட்டிவைத்தால், புரோகிராம் ஏறும்போது திரையில் கிறுக்கல் விழாது. 13 வோல்ட் இல்லாமல் புரோகிராம் ஏற்றும் தாழ்மின்னழுத்த முறை இயக்கத்தில் இருந்தால் 36ஆம் காலையும் மிதக்கவிடக் கூடாது.

எஸ்டிஎம்32-இல் பிஏ13, பிஏ14 கால்களைப் பகிரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கால்கள் தாராளமாக உள்ள சிப்பில் அதற்குத் தேவையும் இல்லை. புரோகிராமில் அவற்றைச் சாதாரணக் கால்களாக மாற்றிவிட்டுச் சிப்போடு பேச முடியாமல் தவிப்பவர்கள், ரீசெட் கம்பியையும் இணைத்து, ரீசெட்டில் பிடித்தபடி தொடர்புகொள்ளும் வழியில் மீட்கலாம்.

ஏழாம் படி: சோதிக்கும் ஒழுங்கு

புதிய போர்டில் முதலில் கருவி எதையும் மாட்டாமல் அடையாள எண்ணைப் படியுங்கள். ஏடிமெகா328பி-க்கு அது 1இ, 95, 0எஃப் என்று வர வேண்டும். மூன்றும் சைபர் என்றால் மிசோ தரையோடு சிக்கியிருக்கிறது. மூன்றும் எஃப்எஃப் என்றால் உயர்நிலையில் சிக்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் மோதல் அல்லது வேகக் கோளாறு. வேகக் கோளாறை முதலில் விலக்கிவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் ஏடிமெகா328பி 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. புரோகிராமரின் துடிப்பு அதன் நான்கில் ஒரு பங்குக்கும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி வழக்கமாக 375 கிலோஹெர்ட்ஸில் ஓடுவதால், பகிர்வே இல்லாத போர்டிலும் இதே பிழை வரும். புரோகிராமரை இயக்கும் ஏவிஆர்டியூட் மென்பொருளில் துடிப்பு நேரத்தை நீட்டிக்கும் தெரிவு இருக்கிறது. 10 மைக்ரோசெகண்டு கொடுத்தால் போதும்.

ஃபியூஸ்களை எழுதுவதாக இருந்தால் இந்த நிலையிலேயே, வெறும் சிப்பில் எழுதி முடித்துவிடுங்கள். கருவிகள் மோதிக்கொண்டிருக்கும் கம்பியில் ஃபியூஸ் எழுதும்போது ஒரு பிட் பிசகினாலும், போர்டில் இல்லாத கிரிஸ்டலை (துடிப்பு தரும் பாகத்தை) சிப் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிறகு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பின் அடையாள எண்ணைப் பத்து முறை படியுங்கள். பத்தும் சரியாக வந்தால் அடுத்ததை மாட்டுங்கள். கடைசியில் முழுப் புரோகிராமையும் ஏற்றி, திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். ஒப்பிடுதலில் நேரம் போகிறது என்று அதை நிறுத்திவைப்பவர்களை எனக்குப் புரியவே இல்லை. பகிர்ந்த கம்பியில் அதுதான் ஒரே சாட்சி.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. தேவனாம்பட்டினம், முதுநகர், அரியாங்குப்பம் பக்கங்களில் சில மாதங்கள் வெளியே இருந்த போர்டில், புரோகிராமிங் ஹெடரின் ஆறு முனைகளிலும் பச்சை பூத்திருக்கும். 2 மில்லிமீட்டருக்கும் சற்றே அதிகமான இடைவெளியில் நிற்கும் அந்த முனைகளுக்கு இடையே உப்பும் ஈரமும் படிந்தால், அதுவே அழைக்காமல் வந்த ஒரு கருவியைப் போலக் கம்பிகளைப் பிணைத்துவிடும். கருவிகளை எல்லாம் கழற்றிய பிறகும் கோளாறு தொடர்ந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஹெடரின் பக்கத்து முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். அங்கே மீட்டர் சில கிலோ ஓம் காட்டினால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்திய பின்பு மறுபடியும் அளந்து, அதன் பிறகே புரோகிராமரை மாட்டுங்கள்.